வாசகர் கேள்வி – பதில்: காட்சி எங்கே முடிய வேண்டும்?

அண்மையில் பார்த்த படங்களைப் பற்றி எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், படம் நீளம், படம் மெதுவாகப் போகிறது, படம் சட்டென்று முடிந்துவிட்டது என்ற மூன்று குறைகளில் ஏதேனும் ஒன்றைச் சொல்பவையாகவே இருந்தன. ஆகவே அவற்றிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டேன். இவை யாவும் ஒரு பார்வையாளனின் கருத்துகளே, தீர்ப்புகள் அல்ல.

கேள்வி: 'மெய்யழகன்' படத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அது முடியாமல் நீண்டுகொண்டே போனது போலிருந்தது. என் ரசனையில்தான் கோளாறா, ஐயா?

ரசனையில் கோளாறு எதுவும் இல்லை. 2024 செப்டம்பரில் வெளியானபோது 177 நிமிடம் ஓடிய அந்தப் படத்திலிருந்து, வெளியான சில நாட்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. உங்களைப் போல நினைத்தவர்கள் பலர் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் நீளம் என்று நாம் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. திருமண மேடையில் அரவிந்த்சாமி, மணப்பெண்ணான தங்கைக்காகக் கொண்டு வந்த பரிசுகளை அவள் அங்கேயே பிரித்துப் பார்க்க, அவள் காலில் கொலுசை மாட்டிவிடும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கதையை ஓர் அங்குலம்கூட முன்னே நகர்த்தாத காட்சி அது. பேச்சும் அதிகம் இல்லை. படத்தொகுப்பாளர் ஒருவர் கடிகாரத்தை மட்டும் பார்த்து வேலை செய்திருந்தால் அதைத்தான் முதலில் பாதியாக்கியிருப்பார். ஆயினும் இருபதாண்டுகளுக்கு மேல் ஊரையும் உறவையும் விட்டு விலகியிருந்த ஒருவன், தான் இழந்தது ஒரு வீட்டை மட்டும் அல்ல என்று உணர்வதற்கு அத்தனை நேரம் தேவைப்படுகிறது. அந்த நேரத்தை இயக்குநர் பிரேம்குமார் அவனுக்குக் கொடுத்திருக்கிறார். அந்தக் காட்சியில் ஒரு நொடியைக் குறைத்தாலும் நான் சண்டைக்கு வருவேன்.

அதே படத்தின் பிற்பகுதியில், பெயர் தெரியாத அந்த உறவினராக வரும் கார்த்தி வரலாற்றையும் வீரத்தையும் பற்றி நெடுநேரம் பேசும் இடங்கள் உண்டு. அங்கே பாத்திரம் பின்வாங்கி, எழுதியவரின் குரல் முன்னே வந்துவிடுகிறது. ஒரு பழைய சைக்கிள் ஒரு குடும்பத்தின் பிழைப்பையே மாற்றியது என்று அவர் சொல்லும்போது கண் கலங்கிய நான், இந்தப் பேச்சுகளின்போது நாற்காலியில் நெளிந்தேன். இரண்டுக்கும் ஆன நேரம் ஒருவேளை ஒன்றாகவே இருக்கலாம். ஆகவே உங்கள் குறையை ஏற்கிறேன். ஆனால் அதைப் படம் முழுவதன் மீதும் சுமத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: 'கொட்டுக்காளி' பார்த்தேன். பின்னணி இசையும் இல்லை, முடிவும் இல்லை. அரைகுறையாக எடுத்த படத்தை விருதுப் படம் என்று சொல்லி நம்மை ஏமாற்றுகிறார்களோ?

(இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் செல்வது நல்லது.)

முதலில் இசையை எடுத்துக்கொள்வோம். 1954ஆம் ஆண்டிலேயே எஸ்.பாலசந்தர் 'அந்த நாள்' படத்தைப் பாடல்களே இல்லாமல் எடுத்தார். பாடல் இல்லாமல் தமிழ்ப் படமா என்று அப்போது கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். 'கொட்டுக்காளி'யின் இயக்குநர் வினோத்ராஜ் இன்னும் ஒரு படி மேலே போய், காட்சியின் கீழே ஓடும் இசையையும் விலக்கிவிட்டார். அதனால் நமக்குக் கேட்பவை ஆட்டோவின் உறுமல், மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல், கட்டி வைத்த சேவலின் படபடப்பு, தொண்டை கட்டிய பாண்டியாக வரும் சூரியின் கரகரப்பு ஆகியவைதாம். அன்னா பென் நடித்த மீனா படம் முழுவதும் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. அவளுடைய மௌனத்தின் மீது ஒரு வயலினை ஓடவிட்டிருந்தால், அவள் என்ன உணர்கிறாள் என்பதை நமக்கு வேறொருவர் சொல்லிக்கொடுத்தது போலாகியிருக்கும். அவள் சொல்ல மறுப்பதைப் பின்னணி இசை சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அங்கே பின்பற்றப்பட்ட நியாயம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

முடிவைப் பற்றிய உங்கள் வருத்தம் எனக்கும் முதலில் இருந்தது. வேறு சாதிப் பையன் ஒருவனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி, குடும்பமே வண்டி கட்டிக்கொண்டு சாமியாரிடம் புறப்படுகிறது. நெடும்பயணத்துக்குப் பிறகு அந்த இடத்தை அடைந்ததும், இன்னொரு பெண்ணுக்கு அங்கே நடக்கும் சடங்கை, மீனாவை மணக்கவிருக்கும் பாண்டி பார்க்கிறான். அவன் என்ன செய்யப்போகிறான் என்பதைச் சொல்லாமலே படம் முடிகிறது. அவன் மனம் மாறி அவளை அழைத்துக்கொண்டு திரும்புகிறான் என்று காட்டியிருந்தால், அவனுடைய பெருந்தன்மையைப் பாராட்டிவிட்டு நாம் நிம்மதியாக எழுந்து போயிருப்போம். மாறவில்லை என்று காட்டியிருந்தால் அவனைத் திட்டிவிட்டு எழுந்து போயிருப்போம். இரண்டு வழியிலும் படம் பாண்டியின் கதையாகிவிட்டிருக்கும். நிறுத்திய இடத்தில் நிறுத்தியதால் அது கடைசி வரை மீனாவின் கதையாகவே இருக்கிறது.

வழியை மறித்து நிற்கும் காளையைப் பார்த்து ஆண்கள் அத்தனை பேரும் தயங்கி நிற்க, ஒரு சிறுமி வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிச் செல்லும் இடம் உங்களுக்குச் சிரிப்பை வரவழைத்ததா என்று எழுதவில்லையே? திரையரங்கில் என் வரிசையில் நான் ஒருவன்தான் சிரித்தேன். சற்றுக் கூச்சமாக இருந்தது.

கேள்வி: 'மகாராஜா' பார்த்துவிட்டு எனக்கும் என் கணவருக்கும் பெரிய வாக்குவாதம். காலத்தை முன்னும் பின்னுமாக மாற்றிச் சொல்வது திறமை என்கிறார் அவர். அது பார்வையாளரை ஏமாற்றும் வேலை என்பது என் கட்சி. தங்கள் கருத்து என்ன?

காணாமல் போன குப்பைத் தொட்டியைக் கண்டுபிடித்துத் தரும்படி ஒருவர் காவல் நிலையத்துக்கு வந்து நிற்பதிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. இத்தகைய படங்களுக்கு நான் வைத்திருக்கும் சோதனை எளியது. எல்லா முடிச்சும் தெரிந்த பிறகு இரண்டாவது முறை பார்க்கும்போது, கதைக்குள் இருக்கும் யாரேனும் நமக்காக நடித்தது போலத் தெரிகிறதா என்று பார்ப்பேன். விஜய் சேதுபதியின் பாத்திரம் மறைப்பதெல்லாம் காவலர்களிடமிருந்து மறைப்பவை. அதற்கு அவருக்குக் காரணம் இருக்கிறது. நம்மிடமிருந்து மறைப்பது படத்தொகுப்பு மட்டுமே. ஆகவே ஆட்ட விதி மீறப்படவில்லை. இந்த அளவில் உங்கள் கணவர் பக்கம் நிற்கிறேன்.

உங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சிறுமிக்கு நேரும் கொடுமையை அதிர்ச்சிக்குரிய முடிச்சாகச் சேமித்து வைத்து, சரியான நொடியில் அவிழ்க்கும் அந்தச் சாமர்த்தியம் என்னை உறுத்தியது. அத்தகைய துயரத்தைப் புதிரின் விடையாகப் பயன்படுத்தும்போது, விடை கிடைத்த மகிழ்ச்சியும் துயரமும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அரங்கில் அந்த இடத்தில் எழுந்த கைதட்டல் எதற்கானது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கேள்வி: எட்டு வயதுப் பிள்ளையுடன் சேர்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், புத்திமதியும் வேண்டாம்.

'ஃப்ளோ'. லாட்வியா நாட்டைச் சேர்ந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய அனிமேஷன் படம். 2025இல் ஆஸ்கர் விருது பெற்றது. பெருவெள்ளத்தில் ஒரு பூனை, ஒரு நாய், ஒரு பறவை, ஒரு லெமூர், ஒரு கேபிபாரா ஆகியவை ஒரு படகில் சேர்ந்துவிடுகின்றன. யாரும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ஆகவே வசன மொழிபெயர்ப்பைப் படித்துச் சொல்லும் வேலை உங்களுக்கு இல்லை. 1987இல் வசனமே இல்லாத 'பேசும் படம்' பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதும் அல்ல. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடுவே பூனைக்கு ஆபத்து வரும் இடங்களில் பிள்ளை உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

கேள்வி: புதிய படங்களில் பழைய பாடல்களைப் போட்டுக் கைதட்டல் வாங்குவது சோம்பேறித்தனம் அல்லவா?

பெரும்பாலும் ஆம். ஆனால் விதிவிலக்காக இரண்டைச் சொல்வேன்.

'மஞ்சும்மல் பாய்ஸ்' மலையாளப் படம். 2006இல் கொடைக்கானலின் குணா குகையில் உண்மையாக நடந்த விபத்தைப் பற்றியது. 1991இல் வெளியான 'குணா'வில், குகைக்குள் இருந்துகொண்டு ஒருவன் தன் காதலிக்குச் சொல்லும் கடிதமாக வந்த 'கண்மணி அன்போடு' பாடல், இங்கே குழிக்குள் விழுந்த நண்பனை மேலே தூக்கும் நேரத்தில் ஒலிக்கிறது. அதே குகை, அதே பாட்டு; காதல் இருந்த இடத்தில் நட்பு வந்து அமர்ந்துவிட்டது. பாடலின் சொற்களில் ஒன்றும் மாறவில்லை. பொருள் முழுவதும் மாறிவிட்டது. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'லப்பர் பந்து' படத்தில் 'அட்டகத்தி' தினேஷ் நடித்த கெத்து மட்டையுடன் ஆடுகளத்தில் இறங்கும்போதெல்லாம், 1989இல் விஜயகாந்த் நடித்த 'பொன்மனச் செல்வன்' படத்தின் பாடல் ஒலிக்கிறது. வயது ஏறியும் தன்னைக் கதாநாயகனாகவே எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனின் மனத்துக்குள் எந்தப் பாட்டு ஓடும் என்ற கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான விடை இருக்க முடியாது. அந்தப் படத்தில் இன்னொன்றும் எனக்குப் பிடித்திருந்தது. மாமனாராகப் போகிறவருக்கும் மருமகனாகப் போகிறவனுக்கும் இடையே உள்ள பகையில் இருவருமே நல்லவர்கள். அகங்காரம் மட்டும்தான் அங்கே வில்லன்.

கேள்வி: 'பெர்ஃபெக்ட் டேய்ஸ்' என்ற ஜப்பானியப் படத்தை நண்பர் பரிந்துரைத்தார். ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துப் பார்த்தும்கூட ஒன்றுமே நடக்கவில்லை. எதற்காக அதைக் கொண்டாடுகிறார்கள்?

ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தீர்கள் என்றால் நீங்கள் பார்த்தது வேறொரு படம். டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைத் துப்புரவு செய்யும் ஹிராயாமா, விடியலில் தெருவைப் பெருக்கும் ஓசையைக் கேட்டு எழுகிறார். செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கிறார். வண்டியில் பழைய கேசட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். மதிய வேளையில் மரத்தின் இலைகளூடே விழும் வெயிலைப் படம் பிடிக்கிறார். மறுநாளும் அதையேதான் செய்கிறார். அவசரமே இல்லாத ஒரு மனிதரை அவசரமாக ஓடவிட்டுப் பார்த்தால் அவரிடம் என்ன மிஞ்சும்?

கடைசிக் காட்சியை மட்டுமாவது இயல்பான வேகத்தில் மீண்டும் பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு செல்லும் கோஜி யகுஷோவின் முகத்தைத் தவிரத் திரையில் வேறொன்றும் இல்லை. அவர் சிரிக்கிறார், கண் கலங்குகிறார், மறுபடி சிரிக்கிறார். எது எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கான் திரைப்பட விழாவில் 2023இல் சிறந்த நடிகருக்கான விருதை அவருக்குக் கொடுத்தார்கள். அந்த ஒரு காட்சிக்காகவே கொடுத்திருந்தாலும் நான் மறுப்புச் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் உங்கள் நண்பருக்குப் பதிலாக நீங்கள் ஒரு படத்தைப் பரிந்துரையுங்கள், கணக்கு நேராகிவிடும்.

கேள்வி: பெரிய நட்சத்திரங்களின் படங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லை. பார்ப்பதில்லையா, பயமா?

பார்க்கிறேன். அவற்றைப் பற்றி நீங்கள் அனைவரும் முன்னரே எழுதிவிடுகிறீர்கள்.

கேள்வி: ஒரு படத்தைப் பற்றி நீங்கள் சொன்ன கருத்தைப் பிறகு மாற்றிக்கொண்டது உண்டா?

'வாழை' வெளியான வாரத்தில், பள்ளி ஆசிரியையின் மீது அந்தச் சிறுவன் வைத்திருக்கும் பிரியத்தைக் காட்டும் பகுதிகள் அளவுக்கு மீறி இனிக்கின்றன என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதே நாளில், 2024 ஆகஸ்ட் 23 அன்று, 'கொட்டுக்காளி'யும் வெளியானது. அதன் கறாரான மௌனத்திலிருந்து நேரே வந்ததால் 'வாழை'யின் இசையும் பாடலும் எனக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு படத்தைப் பார்த்த சூட்டோடு இன்னொரு படத்தைப் பார்ப்பதில் இந்தத் தொல்லை உண்டு.

சில மாதங்கள் கழித்து வீட்டில் மீண்டும் பார்த்தபோதுதான், படம் முழுவதிலும் அந்தச் சிறுவனின் தலையில் வாழைத்தார் இல்லாத நேரம் பள்ளிக்கூட நேரம் ஒன்றுதான் என்பது எனக்கு உறைத்தது. விடுமுறை நாள் என்றால் பிள்ளைகள் துள்ளுவார்கள். அவனுக்கோ விடுமுறை என்றால் சுமை. அந்த இனிப்பை இயக்குநர் மாரி செல்வராஜ் நமக்காக வைக்கவில்லை, அவனுக்காக வைத்திருக்கிறார். அதை நான் மிகை என்று சொல்லிவிட்டேன். அந்த நண்பர்களில் இருவரிடம் இதைச் சொல்லிவிட்டேன். மூன்றாமவர் நான் முதலில் சொன்னதை நம்பி இன்னும் அந்தப் படத்தைப் பார்க்காமலே இருக்கிறார்.