ஆரக்கிள சென்டோஸ்ல போட்டுக் குடுத்தேன், இப்ப 22 லட்சம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கு

கேள்வி: வணக்கம் வக்கீல் சார். கோயமுத்தூர்ல சின்னதா ஐடி சர்வீஸ் கம்பெனி வச்சிருக்கேன். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு 2020-ல ஆரக்கிள் 19சி ஸ்டாண்டர்டு எடிஷன் 2 டேட்டாபேஸ் போட்டுக் குடுத்தோம். லைசென்ஸ் அவங்க பேர்ல காசு குடுத்து வாங்குனதுதான். ஓஎஸ் மட்டும் சென்டோஸ் 7 (ரெட் ஹேட் லினக்ஸோட இலவச வடிவம்), காசு கட்டுற ரெட் ஹேட் சந்தா வேண்டாம்னு அவங்க ஐடி மேனேஜரே வாட்ஸப்ல சொன்னாரு. வருசா வருசம் ஏஎம்சி (பராமரிப்பு ஒப்பந்தம்) நாங்கதான். போன மாசம் கரண்ட் போயி யூபிஎஸும் கைவிட்டு டேட்டாபேஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஒன்பது நாள் ஆர்டர் என்ட்ரி போச்சு. ஆரக்கிள் சப்போர்ட்ல டிக்கெட் போட்டா சர்டிஃபைடு ஓஎஸ் இல்லன்னுட்டாங்க. இப்ப பார்ட்டி எங்க ஏஎம்சி பில் 4.6 லட்சத்த நிறுத்திட்டு, 22 லட்சம் நஷ்ட ஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பிருக்காங்க, திருட்டு சாஃப்ட்வேர் போட்டீங்கன்னு போலீசுக்கும் போவாங்களாம். ஜெயிலுக்குப் போவனா சார்?

பதில்: முதல்ல நைட்டு தூங்குங்க. ஜெயில் பேச்சு சும்மா மிரட்டல்.

காப்பிரைட் சட்டம் 1957-ல 63பி-ன்னு ஒரு பிரிவு இருக்குது, திருட்டு காப்பின்னு தெரிஞ்சே கம்ப்யூட்டர்ல யூஸ் பண்ணா குறைஞ்சது 7 நாள்லருந்து 3 வருசம் வரைக்கும் தண்டனை, 50,000-த்துலருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். ஆனா அது திருட்டு காப்பிக்கு. உங்க பார்ட்டி காசு குடுத்து வாங்குன லைசென்ஸ், அத எந்த ஓஎஸ் மேல ஓட்டுனாங்கறத வச்சு அது திருட்டு காப்பி ஆகாது. ஆரக்கிள் சர்டிஃபை பண்ற லினக்ஸ் ஆரக்கிள் லினக்ஸ், ரெட் ஹேட், சூசே இந்த மாதிரி, அதுல சென்டோஸ் கிடையாது, அவ்வளவுதான் விஷயம். லிஸ்ட்ல இல்லாததுல ஓட்டுனா சப்போர்ட் கேக்குற உரிமை ஆட்டம் காணும், லைசென்ஸ் அப்படியே நிக்கும். இருந்தாலும் அந்த ஆர்டர் டாக்குமெண்ட்டையும் லைசென்ஸ் ஒப்பந்தத்தையும் ஒரு காப்பி வாங்கிப் படிச்சுருங்க, ஸ்டாண்டர்டு எடிஷன் 2-ன்னா ரெண்டு சாக்கெட்டுக்கு (பிராசஸர் மாட்டுற எடம்) மேல இருக்குற சர்வர்ல போடக்கூடாது, அது சரியா இருக்கான்னும் பாருங்க, டெஸ்டுக்குன்னு இன்னொரு மெஷின்ல போட்ட காப்பி நாளடைவுல நெசமான வேலைக்கே ஓடிட்டு இருந்தா அதுக்கு தனி லைசென்ஸ் கேப்பாங்க. போலீஸ் கம்ப்ளெயின்ட் எழுதுறதுக்கு முன்னாடி அவங்களும் யோசிக்கணும், லைசென்ஸ் அவங்க பேர்ல இருக்குது, ஆரக்கிள் லைசென்ஸ் ஆடிட்டுன்னு வந்தா வந்து நிக்கிறது அவங்க வாசல்லதான்.

ஒரே ஒரு விஷயம் நீங்க எழுதல, நானே கேக்குறேன். பேட்ச் (ஆரக்கிள் விடுற திருத்த அப்டேட்) எங்கருந்து இறக்குனீங்க? அந்த பார்ட்டியோட சப்போர்ட் அக்கவுண்ட்லருந்துன்னா பிரச்சினை இல்ல. வேற கஸ்டமர் அக்கவுண்ட்ல இறக்கி இங்க கொண்டுவந்து போட்டிருந்தா (சின்ன கம்பெனிங்க நிறைய பேர் இத சர்வசாதாரணமா பண்றாங்க) அது ஓஎஸ் பிரச்சினைய விட பத்து மடங்கு பெருசு. ஆரக்கிளோட சோலாரிஸ் ஓஎஸ் பேட்ச் விவகாரத்துல 2022-ல கலிஃபோர்னியா ஜூரி, எச்பி எண்டர்பிரைஸ் ஆரக்கிளுக்கு 3 கோடி டாலர் குடுக்கணும்னு சொன்னாங்க. அப்படி ஏதாவது இருந்தா எழுதி அனுப்பாதீங்க, நேர்ல வாங்க.

இப்ப 22 லட்சத்துக்கு வருவோம், உங்களுக்கு நெசமான தலைவலி இதுதான். ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 73 என்ன சொல்லுதுன்னா, ஒப்பந்தத்த மீறுனதால நேரா வந்த நஷ்டத்துக்கும், இப்படி ஆகும்னு ஒப்பந்தம் போடுறப்பவே ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருந்த நஷ்டத்துக்கும் மட்டும்தான் ஈடு, சுத்தி வளச்சு வந்ததுக்கு கிடையாது. அதனால அவங்க ரெண்டு விஷயத்த நிரூபிக்கணும், நீங்க ஒப்பந்தத்துல எத மீறுனீங்க, அந்த மீறலாலதான் டேட்டா போச்சா. சென்டோஸ் இருந்ததால கரப்ட் ஆகல, கரண்ட் போயி யூபிஎஸ் சாகுறப்ப ரெட் ஹேட் இருந்தாலும் இதேதான் ஆயிருக்கலாம். யூபிஎஸ் யார் பொறுப்புன்னு ஏஎம்சில பாருங்க, அவங்க பொறுப்புன்னா பாதி கேஸ் அங்கயே முடிஞ்சுது.

ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் கொஞ்சம் விவரமானவரா இருந்தா ஓஎஸ்ஸ விட்டுட்டு பேக்கப்ப புடிப்பாரு. நானா இருந்தா அப்படித்தான் பண்ணுவேன். ஆர்மேன் (ஆரக்கிளோட பேக்கப் டூல்) பேக்கப் தினமும் ஓடுச்சா, மாற்றத்தையெல்லாம் சேத்து வைக்கிற ஆர்க்கைவ் லாக் மோட்ல இருந்துச்சா, இருந்தா அந்த லாக் எல்லாம் அதே டிஸ்க்ல கெடந்துச்சா, கடைசியா எப்ப ரீஸ்டோர் பண்ணி டெஸ்ட் பண்ணீங்க? ஒன்பது நாள் போச்சுன்னு நீங்க எழுதுனத பாத்தா கடைசி நல்ல பேக்கப் ஒன்பது நாள் பழசுன்னு தெரியுது, ஏஎம்சில "தினசரி பேக்கப் கண்காணிப்பு" மாதிரி ஒரு வரி இருந்தா மாட்டிக்குவீங்க, அங்க சென்டோஸ் ஒரு சாக்குதான். அந்த வரி இல்ல, பேக்கப் அவங்க ஐடி ஆளு வேலைன்னா, கரப்ட் ஆனதால வந்த ஒன்பது நாள் நஷ்டம் அவங்க தலையில. ஏஎம்சில பொறுப்புக்கு உச்சவரம்பு போட்டிருக்கீங்களா, வருசக் கட்டணத்துக்கு மேல போகாதுங்கற மாதிரி? போட்டிருந்தா 22 லட்சம் அங்கயே சுருங்கிரும்.

அடுத்தது, கொட்டேஷன்ல என்ன எழுதுனீங்க. "ஆரக்கிள் சப்போர்ட் உண்டு"ன்னு ஒரு வரி போட்டு, கீழ சென்டோஸ்னு போட்டிருந்தா அது தப்பான தகவல் குடுத்ததா ஆகும், பிரிவு 18 அதத்தான் பேசுது. சென்டோஸும் ரெட் ஹேட்டும் ஒண்ணுதான்னு எங்கயாவது மெயில்ல சொல்லிருந்தாலும் கஷ்டம், கோடு ஒண்ணா இருக்கலாம், சர்டிஃபிகேட் ஒண்ணில்ல. வாட்ஸப்ல மேனேஜர் சொன்னது உங்களுக்கு நல்ல ஆயுதம், ஆனா அவர் காசு வேண்டாம்னு சொன்னாரா, இல்ல சப்போர்ட் போயிரும்னு தெரிஞ்சு சொன்னாரா? அந்த அரட்டைய முழுசா மேல கீழ எல்லாம் சேத்து எடுத்து வைங்க. இன்னொண்ணு சொல்றேன், கோவிக்காதீங்க. ஆரக்கிள் லினக்ஸ் இறக்கிப் போட ஒரு ரூபா செலவில்ல, 19சி அதுல சர்டிஃபைடு. காச மிச்சம் பண்ணத்தான் சென்டோஸ்னு நீங்க சொன்னா, அப்ப இத ஏன் சொல்லலன்னு எதிர்த்தரப்பு கேக்கும். அதுக்கு பதில் தயாரா வச்சுக்கோங்க.

சென்டோஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓட அப்டேட் நின்னுபோச்சு. அதுக்கப்புறமும் ஏஎம்சி புதுப்பிச்சிருக்கீங்க. மாத்தணும்னு ஒரு மெயிலாவது போட்டிருந்தா அத தங்கமா பாத்துக்கோங்க, போன்ல சொன்னேன்னா அத கோர்ட்டுல நிரூபிக்கறது கஷ்டம். வாட்ஸப், மெயில் எல்லாத்துக்கும் சாட்சியச் சட்டம் 2023, பிரிவு 63-படி சான்றிதழ் வேணும், பழைய 65பி-க்கு பதிலா வந்தது, இப்ப ரெண்டு பாகம், ஒண்ணு நீங்க குடுக்கணும், இன்னொண்ணு நிபுணர் குடுக்கணும், ஃபைலோட ஹாஷ் மதிப்பும் (ஃபைல் மாறலன்னு காட்டுற கைரேகை மாதிரி எண்) போடணும். அதனால போன மாத்துறது ரீசெட் பண்றதெல்லாம் இப்ப வேண்டாம். சர்வர் டிஸ்க்கும் அதே மாதிரிதான், மறுபடி இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஒரு முழு இமேஜ் எடுங்க, ரெண்டு தரப்பும் கையெழுத்து போட்டு எடுத்தா இன்னும் நல்லது, ஆரக்கிளோட அலர்ட் லாக் ஃபைல்ல நேரத்தோட எல்லாம் இருக்கும், எது முதல்ல போச்சுன்னு அதுதான் சொல்லும்.

அவங்க நேரா கோர்ட்டுக்கும் ஓடிப்போக முடியாது. 3 லட்சத்துக்கு மேல வர்ற வணிகத் தகராறு, அவசர உத்தரவு கேக்கலன்னா வணிக நீதிமன்றச் சட்டம் 12ஏ-படி மொதல்ல சமரசத்துக்குப் போகணும், இது கட்டாயம்னு 2022-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. பேசி முடிக்க உங்களுக்கு அங்க ஒரு எடம் கெடைக்கும், என் கணிப்புல இது அங்கதான் முடியும்.

உங்க 4.6 லட்சத்துக்கு தனி வழி இருக்குது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசு பதிவு) இருக்குதா? இருந்தா எம்எஸ்எம்இ சட்டம் 2006-படி எவ்வளவு பேசி வச்சிருந்தாலும் 45 நாளைக்குள்ள காசு வந்தாகணும், வரலன்னா ரிசர்வ் வங்கி வட்டிவீதத்துக்கு மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. இந்த பாக்கிய விசாரிக்கிற கவுன்சில் கோயமுத்தூர்லயே இருக்குது. அங்க உங்க பக்கம் தீர்ப்பாகி அவங்க எதிர்த்துப் போகணும்னா 75 சதவீதத்த கட்டிட்டுத்தான் போகணும், இந்த ஒரு விஷயம் தெரிஞ்சாலே பாதி பேர் பேச்சுக்கு வந்துருவாங்க. ஆனா பதிவு ஏஎம்சி ஒப்பந்தத்துக்கு முன்னாடி தேதியில இருந்தா நல்லது, பின்னாடி எடுத்திருந்தா அத புடிச்சுக்குவாங்க. அவங்களும் அதே கவுன்சில்ல எதிர் கோரிக்கை வைக்கலாம்னு 2021 தீர்ப்பு இருக்குது, அதனால 22 லட்சக் கதையும் கூடவே வரும், தயாரா போங்க.

டேட்டாபேஸ்ல தொழிலாளிங்க சம்பளம், பேங்க் விவரம்லாம் இருந்தா அந்த சர்வர இனியும் அப்டேட் இல்லாத ஓஎஸ்ல நெட்டுக்கு திறந்து வைக்காதீங்க. டிபிடிபி சட்டம் 2023 (தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்) படிப்படியா அமலுக்கு வருது, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாம கசிஞ்சா அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாம். அது அவங்க மேலதான் மொதல்ல விழும், அவங்க திருப்பி உங்க மேல போடுவாங்க.

நோட்டீசுக்கு பதில் அதுல குடுத்த கெடுவுக்குள்ள வக்கீல் மூலமா போகணும், சும்மா விட்டா ஒத்துக்கிட்ட மாதிரி பேசுவாங்க. அது வரைக்கும் மேனேஜருக்கு வாட்ஸப்ல "சாரி சார், எங்க தப்புதான்"னு மரியாதைக்குக் கூட டைப் பண்ணாதீங்க. ஏஎம்சி, கொட்டேஷன், பில்லு, டிக்கெட் பதில், பேக்கப் லாக் இவ்வளவும் எடுத்துட்டு உங்க ஊர்லயே ஒரு சிவில் வக்கீல பாருங்க.