மதுரையில் இருந்தபடியே பரிசோதனைக் குறும்படம் எடுத்துப் பிழைக்க முடியுமா?

படம் எடுக்கலாம். அதை மட்டும் நம்பி வீட்டு வாடகை கொடுப்பதுதான் சிரமம். கல்யாண வீடியோ, விளம்பர எடிட்டிங் என்று வேறொரு வருமானம் கையில் இருக்கட்டும்.

கோடம்பாக்கத்துக்கு விசிட்டிங் கார்டாகக் குறும்படம் எடுப்பவர் வேறு, பரிசோதனைப் படக்காரர் வேறு. இவருக்குக் கதையே தேவையில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை கட்டும் விரல்களை எட்டு நிமிடம் வெட்டாமல் காட்டுவார். முகம் வராது; பூக்குவியல் மட்டும் குறைந்துகொண்டே வரும். தியேட்டரில் போட்டால் "எப்பய்யா கதை ஆரம்பிக்கும்?" என்பார்கள். அதையே இருட்டறைச் சுவரில் ஓயாமல் சுற்றவிட்டால் வீடியோ இன்ஸ்டலேஷன். எடுத்தவர் காட்சிக் கலைஞர் ஆகிவிடுகிறார்.

கேமராகூடக் கட்டாயமில்லை. அமெரிக்கரான ஸ்டான் பிராக்கேஜ் 1963-இல் பூச்சிச் சிறகுகளையும் இலைகளையும் ஒட்டும் டேப்பில் பதித்தே ஒரு படம் செய்தார்.

சரி, எங்கே காட்டுவது? நம்மூரிலேயே 1998-இல் தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழா இருக்கிறது. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் விழா உண்டு. ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் விழா 1954 முதல் நடக்கிறது. அதற்கும் அனுப்பிப் பாருங்கள். விழாக்களில் பணம் எதிர்பார்க்காதீர்கள், பல இடங்களில் நுழைவுக் கட்டணம் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

பணம் வருவது நல்கை (கலை அமைப்புகள் தரும் உதவித்தொகை), கலைஞர் தங்கல் திட்டம் (ஓரிடத்தில் தங்கிப் படைப்பைச் செய்ய அழைப்பது), பயிற்சிப் பட்டறை வழியாக. அப்புறம் கேலரி: ஒரு வீடியோவை மூன்று, ஐந்து என்று குறைந்த பிரதிகள் மட்டும் எண்ணிட்டு, கையெழுத்திட்ட சான்றிதழோடு விற்பார்கள். அதனால் முழுப் படத்தையும் யூடியூபில் ஏற்றும் முன் ஒரு முறை யோசியுங்கள்.