வாசகர் கேள்வி–பதில்: பத்து ஆராங் பாறைக்கு மூன்று பெயரா?

பெஸ்தாரி ஜெயா வாசகர்: சிலாங்கூரின் பத்து ஆராங் நிலக்கரிப் பாறையை ஒரு வரைபடம் ‘பத்து ஆராங் பெட்ஸ்’ என்கிறது, பழைய நூல் ‘கோல் மெஷர்ஸ்’ என்கிறது, இன்னொன்று வெறும் ‘டெர்ஷியரி’. எது சரி?

பதில்: ‘டெர்ஷியரி’ என்பது ஒரு புவியியல் காலத்தின் பெயர், பாறையின் வயதை மட்டும் சொல்லும். ‘கோல் மெஷர்ஸ்’ பிரிட்டிஷ் சுரங்க வழக்கு: கரி அடுக்குகளும் இடையிலுள்ள மணற்பாறை, களிப்பாறைகளும் சேர்ந்த தொகுதி. அங்கே அது கார்போனிஃபெரஸ் காலத்தது, 30 கோடி ஆண்டுக்கும் முந்தியது. நம்முடையதோ 6.6 கோடி ஆண்டுக்கு உட்பட்டது. அதனால் அந்தப் பெயரை இங்கே ஒட்டினால் வயதில் குழப்பம்தான் மிஞ்சும்.

வரைபடத்துக்கு ஏற்றது ‘பத்து ஆராங் பெட்ஸ்’தான். ஊர்ப்பெயர் முன்னே, பாறை அலகின் தரம் பின்னே. பெரிய தொகுதியிலிருந்து சிறிய அடுக்கு வரை குரூப், ஃபார்மேஷன், மெம்பர், பெட் என்று தரம் இறங்கும். ஃபார்மேஷன் ஆக வேண்டுமானால் பாறையின் தன்மை, மேல்–கீழ் எல்லை, மாதிரி வெட்டுமுகம் (அடுக்குகள் வரிசையாகத் தெரியும் இடம்) மூன்றையும் எழுதி வெளியிட்டிருக்க வேண்டும். வரைபடத்தில் தனியே காட்டும் அளவுக்குப் பரப்பும் வேண்டும். வயது இந்த வரையறையில் சேராது. இவை முறைப்படி முடியாத இடத்தில் ‘பெட்ஸ்’ என்று போட்டு நிறுத்துவது வழக்கம். பத்து ஆராங்கில் கீழே தேய்ந்துபோன ‘கென்னி ஹில்’ என்ற பழைய பாறை, மேலே உருண்டைக்கல் நிறைந்த ‘போல்டர் பெட்ஸ்’, நடுவில் கரித்தொகுதி. வெட்டுமுகம் பார்க்கலாம் என்று போனால் அங்கேதான் சிக்கல்: சுரங்கம் 1960-இல் மூடப்பட்டது, திறந்த குழிகள் குளமாகிவிட்டன.

கரி அடுக்கை மட்டும் வைத்துப் பெயரிடுவது பெரிய தவறு. அடுக்கு கிளை பிரியும், மெலிந்து காணாமலும் போகும். ஒரே அடுக்குக்கு இரண்டு சுரங்கத்தில் இரண்டு பெயர் விழும். கரியின் தரத்தையும் பெயரில் தேடாதீர்கள். பத்து ஆராங் கரி சப்–பிட்டுமினஸ், அதாவது பழுப்பு நிலக்கரிக்கும் பிட்டுமினஸ் கரிக்கும் இடைப்பட்ட தரம். சரவாக்கின் சிலாந்தெக் கரியும் டெர்ஷியரிதான், ஆனால் அங்கே பூமிச் சூடு பட்டு, கோக் (உருக்கு உலைக்கான எரிபொருள்) ஆகும் கரியே உண்டு.

அதே வாசகர்: தோட்டத்து அல்லூரில் (வடிகாலில்) கிடைத்த கறுப்புக் கல் நிலக்கரியா?

பதில்: கையில் தூக்கினாலே பாதி தெரியும், கரி லேசு, களிப்பாறை ஏறக்குறைய இரு மடங்கு கனம். உறுதிக்கு, காய்ந்த தூள் 100 கிராமை வெட்டவெளியில் இரும்புத் தட்டில் கருமை போகும்வரை எரித்து எடை போடுங்கள். சாம்பல் 50 கிராமுக்கு மேல் என்றால் அது கரி கலந்த களிப்பாறை. கந்தகப் புகை வரும், காற்று புகையைக் கொண்டுபோகும் பக்கம் நிற்காதீர்கள். மாதிரியை எடுத்த உடனே பிளாஸ்டிக்கில் கட்டுங்கள். ஈரம் போனால் இந்த ரகம் வெடித்து உதிரும். குவித்தும் வைக்காதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும்.