குரூப்பை மாற்றும் முன் அந்த விடைத்தாளைப் பாருங்கள், அண்ணா

அண்ணா, நேற்று ராத்திரி நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். பதினொன்றாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் பாப்பாவுக்கு இயற்பியலில் 70க்கு 23. "இவளுக்கு ஃபிசிக்ஸ் வராதுங்க, இப்பவே காமர்ஸுக்கு மாத்தி உட்டறலாமுங்களா?" என்று கேட்டிருந்தீர்கள். கூடவே விடைத்தாளையும் போட்டோ எடுத்து அனுப்பினீர்களே, அதுதான் நல்லதாகப் போயிற்று. வெறும் 23ஐ வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. விடைத்தாளை வைத்து நிறையச் சொல்லலாம்.

அதில் ஒரு ஐந்து மார்க் கணக்கு. 15 மீட்டர் உயரக் கட்டடத்தின் மேலிருந்து ஒரு பந்தை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறார்கள், அது தரையில் விழ எவ்வளவு நேரம் ஆகும், ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பை 10 என்று வைத்துக்கொள் என்று கேள்வி. பாப்பா எழுதியிருக்கும் விடை 1 விநாடி. பந்து உச்சிக்குப் போய்ச் சேரவே 1 விநாடி ஆகிவிடும், அதற்குள் தரைக்கு எப்படி வரும்? ஆனால் அவள் எழுதியிருக்கும் வரிகளைப் பாருங்கள். சமன்பாடு சரியானதுதான், எண்களைச் சரியான இடத்தில் போட்டிருக்கிறாள், இருபடிச் சமன்பாட்டை ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் தீர்த்திருக்கிறாள். குறியில் மட்டும்தான் பிசகு, மைனஸ் வர வேண்டியது பிளஸ் ஆகிவிட்டது. அந்தப் பந்தைக் கீழ்நோக்கி எறிந்திருந்தால் 1 விநாடிதான் சரியான விடை. வேறொரு கணக்கைத் தப்பே இல்லாமல் போட்டிருக்கிறாள்.

காலையில் போனில் ஏன் பிளஸ் போட்டாய் என்று கேட்டேன். "மேல போனா ஜி மைனஸ், கீழ வந்தா பிளஸ்னு டியூஷன்ல சொல்லிக் குடுத்தாங்க. பந்து கடசீல கீழதானுங்க வருது, அதான் பிளஸ்" என்றாள். பாருங்கள், யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள். அவளுக்குக் கொடுத்த விதிதான் அரைகுறை. கல்லைக் கீழே போடுகிற கணக்குக்கும், தரையிலிருந்து மேலே எறிந்து உச்சி உயரம் காணும் கணக்குக்கும் அந்த விதி ஓடும். மேலே போய்த் திரும்பி, எறிந்த இடத்தையும் தாண்டிக் கீழே போகிற பந்துக்கு அது கைவிட்டுவிடும்.

அவளிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், நீங்களே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாம். கணக்கைத் தொடும் முன் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டு, மேல்நோக்கி பிளஸ் என்று எழுதச் சொல்லுங்கள். அவ்வளவுதான். அப்புறம் ஜி எப்போதும் மைனஸ், பந்து ஏறும்போதும், உச்சியில் நிற்கும் கணத்திலும், இறங்கும்போதும். பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டா பூமி இழுக்கிறது? அது கீழேதான் இழுக்கும். தரை, எறிந்த இடத்துக்கு 15 மீட்டர் கீழே இருப்பதால் இடப்பெயர்ச்சி மைனஸ் 15. இப்போது போட்டால் 3 விநாடி வருகிறது. நம்பாவிட்டால் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: உச்சிக்கு 1 விநாடி, அதற்குள் 5 மீட்டர் ஏறியிருக்கும், அங்கிருந்து 20 மீட்டர் விழ 2 விநாடி, ஆக 3. சமன்பாட்டில் மைனஸ் 1 என்று இன்னொரு விடையும் வரும், அதைப் பேசாமல் அடித்துவிடு என்பார்கள். எனக்கு அதை அடிக்க மனசு வராது. யாரோ 1 விநாடி முன்னால் தரையிலிருந்தே விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்திருந்தாலும் பந்து இதே நேரத்தில், இதே 10 மீட்டர் வேகத்தில் அந்த மாடியைக் கடந்திருக்கும் என்று அந்த மைனஸ் 1 சொல்கிறது.

இன்னொன்று. பாப்பா பத்தாவது வரை தமிழ் வழி, இப்போது ஆங்கில வழி. ஒன்பதாவதில் திசைவேகம் என்று படித்தவள் இப்போது வெலாசிட்டி என்று எழுதுகிறாள். வேகத்தோடு திசையும் சேர்ந்தது என்பதைத் தமிழ்ச் சொல் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. வெலாசிட்டி என்று எழுதும் ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் திசைவேகம் என்று சொல்லிக்கொள்ளச் சொன்னேன்.

உச்சியில் முடுக்கம் எவ்வளவு என்ற ஒரு மார்க் கேள்விக்குச் சுழி என்று போட்டிருக்கிறாள். இதற்கு உங்கள் பக்கத்தில் எங்கேயாவது வீட்டு வேலை நடந்தால் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கீழே நிற்பவர் செங்கல்லை மேலே வீசுவார், சாரத்தில் நிற்பவர் பூப்பறிப்பது போல வாங்குவார். கை வலிக்காததற்குக் காரணம், கல் அவர் கைக்கு வரும்போது கிட்டத்தட்ட உச்சியில் இருக்கிறது, திசைவேகம் தீர்ந்துபோயிருக்கிறது. 3 மீட்டர் ஏற்ற வேண்டுமென்றால் விநாடிக்கு சுமார் 7.7 மீட்டர் வேகத்தில் விட வேண்டும், அந்தக் கை அளவு அவருக்குப் பழக்கத்தில் வந்துவிட்டது. மேலே இருப்பவர் வாங்கத் தவறினால் கல் அந்தரத்தில் நிற்குமா? உடனே இறங்கும். திசைவேகம் சுழியான அந்தக் கணத்திலும் முடுக்கம் அதே 9.8 என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

உங்கள் தோட்டத்துக் கிணறும் இருக்கிறது. கைப்பிடிச் சுவருக்கு இப்பால் நின்றபடி கல்லை விடச் சொல்லுங்கள், நீங்கள் போனில் வீடியோ எடுங்கள். கல் கையைவிட்ட நொடியிலிருந்து தண்ணீர்ச் சத்தம் வரை 2 விநாடி என்றால், சத்தம் மேலே வந்து சேரும் சிறு நேரத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஆழம் சுமார் 20 மீட்டர், அதாவது 64, 65 அடி. ஸ்டாப்வாட்ச் வேண்டாம், விரல் 0.2 விநாடி தாமதித்தாலே 4 மீட்டர் பிசகும். ஐந்து தடவை விட்டு சராசரி எடுக்கட்டும், அப்புறம் கயிறு விட்டு அளந்து பாருங்கள். காங்கேயம் பக்கத்து வறண்ட மண்ணில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பது உங்கள் வீட்டுக் கவலை. அதை அவள் பாடப் புத்தகத்தை வைத்துக் கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

சரி, குரூப் விஷயம். தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சிலிங்குக்குக் கட்ஆஃப் மொத்தம் 200 மார்க்குக்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, எல்லாம் 12ஆம் வகுப்பு மார்க்கிலிருந்து. இந்தக் காலாண்டு 23 அதில் எங்கேயும் வராது. இப்போது காமர்ஸுக்குப் போனால் ஜூனிலிருந்து நடந்த கணக்குப்பதிவியலை அவள் தனியாக ஓடிப் பிடிக்க வேண்டும். அவளே சி.ஏ. படிக்க ஆசைப்பட்டால் நானே போகச் சொல்வேன், அது பெரிய படிப்பு. ஆனால் "எனக்கு சிவில் இன்ஜினியரிங்தானுங்க" என்று காலையிலும் சொன்னாள். ஒரு மைனஸ் குறிக்காக அந்த ஆசையை எடுத்துவிடாதீர்கள்.

நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமா என்றும் கேட்டீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு 2021லிருந்து பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். இடையில் மாற்றினால் அது போய்விடும். இன்னொரு பயமும் எனக்குண்டு. நான் படித்த தனியார் பள்ளியில் பதினொன்றிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். பொதுத்தேர்வில் நல்ல மார்க் வந்தது. கல்லூரி முதலாண்டில் மெக்கானிக்ஸ் வகுப்பில் மற்றவர்கள் மளமளவென்று எழுத, நான் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி ராத்திரியில் படித்தேன். பாப்பாவுக்கு அது வேண்டாம்.

டியூஷனையும் உடனே நிறுத்த வேண்டாம். இந்த மாதம் தினமும் இரண்டே கணக்கு, அம்புக்குறி போட்டு, போட்ட விடை நடக்கக்கூடியதா என்று ஒரு வரி எழுதி முடிக்கட்டும். அரையாண்டு முடிந்ததும் ஒரு சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த விடைத்தாளையும், கிணற்றுக் கணக்கு எழுதிய நோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.