"கற்றுக்கொண்டேன்" என்கிறது ஏஜென்ட். அதே தப்பு மறுபடி வருவது ஏன்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் மளிகை, மசாலா மொத்த வியாபாரம் செய்கிறோம். சப்ளையர் இன்வாய்ஸ்களைப் படித்துக் கணக்கில் ஏற்ற ஓர் ஏஐ ஏஜென்ட் வைத்திருக்கிறோம். தப்பைச் சொன்னால் "கற்றுக்கொண்டேன்" என்கிறது. அடுத்த வாரம் அதே தப்பு. சில சமயம் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடுகிறது. இது தேறுமா?

பதில்: தேறும். ஆனால் தேறுவது மாடல், அதாவது ஏஜென்டுக்குள் இருந்து யோசிக்கிற ஏஐ, அல்ல. நீங்கள் சாட்டில் திருத்துவதால் மாடலுக்குள் எதுவும் மாறுவதில்லை. மாறக்கூடியது, வேலைக்கு முன் அது எடுத்துப் படிக்கிற குறிப்பு ஃபைலும் அதோடு இருக்கும் சின்னச் சின்ன புரோகிராம்களும்தான். இவற்றைத்தான் ஸ்கில் என்கிறார்கள். ஆகவே "கற்றுக்கொண்டேன்" என்றதும், "எந்த ஃபைலில் என்ன எழுதினாய், காட்டு" என்று கேளுங்கள். எழுதவே இல்லையென்றால் அது சும்மா மரியாதைப் பேச்சு.

எழுதியிருந்தாலும் முக்கால்வாசி நேரம் "வாட் (மதிப்புக் கூட்டு வரி) விஷயத்தில் கவனமாக இரு" என்றுதான் எழுதி வைத்திருக்கும். சல்லிக்காசுக்குப் பயனில்லை. வேண்டியது இந்த மாதிரி: "அரிசி, காய்ந்த பீன்ஸ், மசூர் பருப்பு 0%. மசாலாப் பொடி 15%. உருப்படிகளைக் கூட்டி வருவது இன்வாய்ஸ் மொத்தத்தோடு ஒத்துப்போகாவிட்டால் ஏற்றாதே, கேள்." அந்தக் கூட்டலையும் மாடலிடம் விடாமல் புரோகிராமிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடுவதற்கு முக்கியக் காரணம், சோதிக்காமல் சேர்ப்பது. 2023-ல் வந்த வாயேஜர் என்ற ஆராய்ச்சியில், ஜிபிடி-4 என்ற ஏஐ மாடலை வைத்து மைன்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடவிட்டார்கள். மாடலைத் தொடவே இல்லை. அது எழுதிய புரோகிராம்களை ஒரு ஸ்கில் நூலகத்தில் சேர்த்துக்கொண்டே போனார்கள். வேலை முடிந்ததா என்று சரிபார்த்து, முடிந்தது என்றால்தான் புரோகிராம் உள்ளே போகும். விளையாட்டில் கையில் வாள் வந்துவிட்டதா என்று பார்ப்பது எளிது. உங்கள் கடையில் எது சரி என்பதை உங்கள் கணக்காளர்தான் சொல்ல முடியும். அவர் ஏற்கெனவே சரிபார்த்த பழைய இன்வாய்ஸ்களில் ஒரு கட்டு எடுத்துத் தனியே வையுங்கள். சுலபமானதையே பொறுக்காதீர்கள்: அரிசியும் மசாலாவும் ஒரே பில்லில் வந்தது, கிரெடிட் நோட், கோணலாக ஸ்கேன் ஆனது எல்லாம் அதில் இருக்கட்டும். ஸ்கில்லில் எதை மாற்றினாலும் அந்தக் கட்டு முழுவதையும் ஓட்டிப் பாருங்கள். முன்பு சரியாக வந்த ஒன்று இப்போது தப்பாக வந்தால், அந்த மாற்றம் வேண்டாம். பழைய ஃபைல் கையில் இருந்தால்தான் திரும்பிப் போக முடியும், அதை அழிக்காதீர்கள்.

எழுதியும் அதே தப்பு வருகிறது என்றால், ஏஜென்ட் அந்த ஃபைலைத் திறந்ததா என்று பாருங்கள். 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் கொண்டுவந்த ஸ்கில் முறையில், மாடல் கண்ணில் முதலில் படுவது பெயரும் சிறு விளக்கமும்தான். தேவை என்று தோன்றினால்தான் உள்ளே போய்ப் படிக்கும். "கணக்கு உதவி" என்று மூன்று ஸ்கில் கிடந்தால் எதை எடுக்கும்? ஒன்றாக்குங்கள், இல்லையென்றால் விளக்கத்தைப் பிரித்து எழுதுங்கள்.

ஒவ்வொரு விதிக்கும் தேதி போடுங்கள். 2025 மே 1 முதல் வாட் 15.5% ஆகும் என்று நம் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், ஏப்ரல் கடைசியில் வாபஸ் வாங்கினார்கள். இடையில் அதைக் "கற்ற" ஏஜென்ட், யாரும் அழிக்காதவரை இன்றும் 15.5% என்றே போட்டுக்கொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் ஏஜென்ட் தானாக எழுதிக்கொள்ள விடவே கூடாது: சப்ளையரின் வங்கிக் கணக்கு எண். "எங்கள் கணக்கு மாறிவிட்டது" என்று போலி இன்வாய்ஸில் ஒரு வாக்கியம் இருந்தால் போதும், அதைப் பாடமாக எடுத்துக்கொண்டு மாதாமாதம் திருடனுக்கே பணத்தை அனுப்பும். கணக்கு எண் உள்ள ஃபைலைத் திருத்தும் அனுமதி உங்களிடம் மட்டும் இருக்கட்டும். மாறியதாக வந்தால், அந்த இன்வாய்ஸில் உள்ள நம்பருக்கு அல்ல, உங்களிடம் முன்பே இருக்கிற நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.