வாசகர் கேள்விகள்: பயிரின் காலத்துக்குக் காத்திருந்த கேமரா

கேள்வி: விவசாயத்தைப் பற்றிய பரிசோதனைத் திரைப்படங்கள் என்று ஒரு வகை உண்டு என்கிறார்கள். உழவர் படும் துன்பத்தைக் கதையாகச் சொல்லும் படங்களிலிருந்து அவை எவ்வகையில் வேறுபடுகின்றன?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: கதைப் படங்களில் வயல் பெரும்பாலும் பின்னணியாகவே நிற்கிறது, முதல் காட்சியில் நட்ட நாற்று அடுத்த பாடல் முடிவதற்குள் கதிர் முற்றிவிடும். பயிர் எடுத்துக்கொள்ளும் காலத்துக்குக் கேமரா கட்டுப்பட்டு நின்ற படங்களையே நான் பரிசோதனை முயற்சிகள் என மதிக்கிறேன். ஜப்பானிய இயக்குநர் ஷின்சுகே ஒகாவாவும் அவருடைய குழுவினரும் செய்ததைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை. 1960களின் இறுதியில், நரிட்டா விமான நிலையத்துக்காக நிலம் பறிக்கப்படுவதை எதிர்த்துப் போராடிய சன்ரிசூகா உழவர்களோடு தங்கிப் படமெடுத்த அக்குழுவினர், 1970களின் நடுவில் யமகதா மாநிலத்திலுள்ள மகினோ என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே ஊராரிடம் தொழில் கற்றுத் தாங்களே நெல் பயிரிட்டு, அதைப் படமாகவும் எடுத்தனர்.

அவர்களுடைய ‘ஃபுருயாஷிகி கிராமம்’ (1982) மலைச்சரிவிலுள்ள ஒரு சிற்றூரின் வயல்களைக் குளிர் தாக்கிய நிகழ்விலிருந்து தொடங்குகிறது. கதிர் வெளிவராமல் தண்டுக்குள்ளேயே இருக்கும் பொதிப் பருவத்தில் கடுங்குளிர் பட்டால் மகரந்தம் மலடாகி, கதிரில் மணிக்குப் பதிலாகப் பதரே மிஞ்சும் என்பது நெல் விளைவிப்போருக்குத் தெரியும். ஆனால் குளிர் எந்த வழியாக வயலுக்குள் இறங்குகிறது, ஒரே சரிவில் ஓரிடம் கெட்டு மற்றோரிடம் பிழைத்தது ஏன் என்று, மண்ணையும் வெப்பநிலையையும் காற்றின் போக்கையும் பொறுமையாக ஆராய்ந்துகொண்டே போகும் வேறொரு படத்தை நான் கண்டதில்லை. அந்த ஆராய்ச்சி தீர்ந்த பிறகு ஊர் முதியவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். அவர்கள் நின்று பேசும் மண்ணை நாம் அதற்குள் அறிந்திருப்பதால், அவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் நமக்கு அண்டை வீட்டாரின் சொல்லாகவே கேட்கிறது.

1986இல் வெளிவந்த மகினோ கிராமத்துப் படம் 222 நிமிடம் ஓடுவது. நெல் பூக்கும் காட்சியை அதில் மிக நெருக்கமாக எடுத்திருக்கிறார்கள்: உமியின் இரு பகுதிகளும் மெல்ல விலக, ஆறு மகரந்தப் பைகள் வெளியே எழுந்து நிற்கின்றன. அதே படத்தில், முற்காலத்தில் அவ்வூர் உழவர்கள் நடத்திய கிளர்ச்சியை இன்றைய ஊர்மக்களே, தொழில்முறை நடிகர்களோடு சேர்ந்து, நடித்துக் காட்டுகிறார்கள். அறிவியல் ஆவணமும் நாட்டார் கதையும் ஒரே படத்தில் எப்படிப் பொருந்தும் என்று கேட்கத் தோன்றலாம். பூவின் ஒரு மணி நேரமும் ஊரின் பல நூற்றாண்டுகளும் அந்த வயலில் ஒன்றாகத்தான் கிடக்கின்றன என்று அக்குழு நம்பியது. படத்தைப் பார்த்தபின் நானும் நம்புகிறேன். நீளம் கருதி இதைத் துண்டுதுண்டாகப் பார்க்க வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: தோட்டங்களைப் பற்றி இத்தகைய படங்கள் உண்டா? எனக்கு நான்கு மணி நேரம் உட்கார இயலாது.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐந்தே நிமிடம் ஒதுக்குங்கள்; அமெரிக்க ஓவியரான மேரி மென்கென் 1957இல் எடுத்த ‘தோட்டத்தின் ஒரு பார்வை’ போதும். பறவைகளின் ஒலி பின்னே கேட்க, கேமரா செடிகளுக்கிடையே பறவையைப் போலவே தாவிச் செல்கிறது.

இன்னும் நுட்பமானவை, பெரு நாட்டில் பிறந்து பிரான்சில் பணிபுரியும் ரோஸ் லௌடரின் படங்கள். ‘பூங்கொத்துகள்’ என்ற வரிசையில் ஒவ்வொரு படமும் ஒரே நிமிடம், அதாவது 1440 சட்டகங்கள் (சுருளில் பதியும் தனித்தனிப் படங்கள்). 16 மி.மீ. சுருளில் சில சட்டகங்களை மட்டும் பதிவு செய்து, இடையிடையே வெற்றிடம் விட்டு, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, விட்ட இடங்களில் வேறொரு பூவையோ நிலத்தையோ நிரப்புவார். தொகுப்பு மேசைக்கு வேலையே இல்லை. நாற்றங்காலிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக நடுவதைப் போன்ற உழைப்பு அது. 1982இல் எடுத்த ‘சூரியகாந்திகள்’ படத்தில் சட்டகத்துக்குச் சட்டகம் குவியத்தை (ஃபோகஸை) ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு மாற்றியதால், அசையாமல் நின்ற வயல் முழுவதும் திரையில் துடிக்கிறது.

கேள்வி: எங்கள் வயலிலேயே நெல் பூப்பதைக் கைப்பேசியில் படமெடுக்க முடியுமா?
– ஒரு கல்லூரி மாணவர், ஆரணி

பதில்: முடியும். நெல் பூ காலையில், வெயில் ஏறும் நேரத்தில் திறந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். ஐந்து விநாடிக்கு ஒரு படம் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் 720 படங்கள் சேரும். விநாடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில் அது திரையில் அரை நிமிடம். குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் மேகம் கடக்கும்போதெல்லாம் கைப்பேசி தானே ஒளியைக் கூட்டிக் குறைத்துப் படத்தை மினுங்க வைத்துவிடும். காற்றுதான் பெரும் இடையூறு. கதிரை ஒரு குச்சியோடு தளர்வாகக் கட்டி, காற்று வரும் பக்கம் ஒரு தட்டியை நிறுத்துங்கள். கதிர் வெளிவந்த நாளிலிருந்தே தினமும் காலையில் வயலுக்குப் போய், உங்கள் ரகம் எத்தனை மணிக்குப் பூக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கதிரில் எல்லாப் பூக்களும் ஒரே நாளில் பூப்பதில்லை, நுனியிலிருந்து கீழ்நோக்கிச் சில நாட்கள் தொடரும். ஆகவே முதல் நாள் தவறினால் மறுநாள் காலை மீண்டும் போகலாம்.