ஆஸ்பத்திரியில் காத்திருப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

வேலூர் பக்கம் அவசரப் பிரிவில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில்.

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி: அப்பாவுக்கு நெஞ்சு வலி அக்கா. ஈசிஜி, ரத்தம் எடுத்ததோடு சரி, மணிக்கணக்காக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பின்னால் வந்தவரை உள்ளே கொண்டு போனார்கள். சிபாரிசா?

பெரும்பாலும் இல்லை தம்பி. அங்கே டோக்கன் வரிசை கிடையாது, வாசலிலேயே நாடி, பிரஷர், மூச்சு பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துவிடுவார்கள், சிவப்பு ஒன்று வந்தால் எல்லோரும் அந்தப் பக்கம்தான் ஓடுவோம். இன்னொன்று, இதயத் தசை அடிபட்டால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறும், அது ஏறச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் முதல் ஈசிஜி நன்றாக இருந்தாலும் உட்கார வைத்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். இதை யாராவது அரை நிமிஷம் நின்று சொல்லியிருக்கலாம், சொல்லாதது தப்புதான். "எவ்வளவு நேரம் ஆகும்" என்று கேட்டால் "டாக்டர் வருவார்" என்பதுதான் பதிலாக வரும். "இப்போ எதுக்காகக் காத்திருக்கோம், அடுத்து என்ன" என்று கேளுங்கள். நடுவில் வலி கூடினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ கூச்சப்படாமல் சத்தம் போட்டே கூப்பிடுங்கள்.

ஆரணியிலிருந்து: அம்மாவுக்கு சுகர். வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போனால் மதியத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

போனவுடனே கவுன்ட்டரில் "சுகர் பேஷன்ட், சாப்பிடலை" என்று சொல்லிவிடுங்கள், முடிந்தால் முன்னால் அனுப்புவார்கள். அன்று காலை மாத்திரை, இன்சுலின் வேண்டுமா என்பதை முந்தின நாளே டாக்டரிடம் கேளுங்கள். கை நடுங்கி வியர்த்தால் சுகர் பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் சர்க்கரைத் தண்ணீர்தான் முதலில், ஸ்கேனை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஆற்காட்டிலிருந்து: ரவுண்ட்ஸில் டாக்டர் கூட வந்தவர்களிடம் இங்கிலீஷில் பேசிவிட்டுப் போய்விடுகிறார். கேட்கவே பயம்.

வேலூர் காந்தி ரோட்டில் கடை போர்டே வங்காளத்தில் தொங்குகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களே விடாமல் கேட்கும்போது நமக்கென்னம்மா பயம்? மூன்று கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் வையுங்கள், கட்டிலைத் தாண்டுவதற்குள் நீட்டுங்கள். அவர் விட்டதை வார்டு சிஸ்டரிடம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் டியூட்டி மாறுகிற நேரத்தில் மட்டும் போகாதீர்கள், வள்ளென்று விழுவோம்.

வாலாஜாவிலிருந்து: கேஸ் ஷீட் நகல் கேட்டால் தருவார்களா?

தர வேண்டும். எழுதிக் கொடுத்துக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் என்பது 2002-லிருந்து இருக்கிற விதி. மனுவின் ஒரு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.